பதினாறு நாள் கையெழுத்து

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்களுக்குத் தென்காசியின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. பங்குனி வெயிலில் கரிசல்காட்டுத் திருவேங்கடம் பக்கம் போய் வா என்றால் ஆயிரம் சாக்குச் சொல்லுகிற மனிதர்களுக்கு, ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் தென்காசிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் திடீரென்று கவலை வந்துவிடும். பகலில் பள்ளிக்கூடம், காலையும் மாலையும் குற்றாலத்து அருவி. முப்பத்தேழாம் வருஷம் ஆனிக் கடைசியில் கைலாசம் பிள்ளையின் பெண்கள் பாடசாலைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. அன்னபாக்கியம் அம்மாள் என்கிற பெண் இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருகிறார் என்று.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் தாணு வழக்கம்போல வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

"ஏட்டி, திங்கக்கிழமை நீ பள்ளிக்கூடம் வரணும்."

அவன் மனைவி குழல்வாய்மொழி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை நின்றுவிட்டது. பத்து மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்துக் கிடந்தாள்.

"நெசமாவா சொல்லுதிய?"

"நெசந்தான். ஒரு நாளைக்கு வந்து உக்காந்துட்டு வந்திரு. இன்ஸ்பெக்டரம்மா போனதும் பழையபடிதான்." இவ்வளவையும் சொல்லிவிட்டு, பதிவேட்டைத் தரையில் விரித்து, மைக்கூட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தான். "இன்னைக்குள்ளதைப் போட்டுரு."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அன்றைய கட்டத்தில் 'கு. குழல்வாய்மொழி' என்று எழுதினாள். அன்று அவள் கழுவியது ஒன்பது பீத்துணி, அரைத்தது இரண்டு படி மாவு. பதிவேட்டின்படி அவள் காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் பூகோளமும் நடத்தியிருக்கிறாள்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். குழல்வாய்மொழி அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் தங்கிப் படித்து, ஹையர் கிரேடு சர்ட்டிபிகேட் வாங்கியவள். தாணு லோயர் கிரேடு. கல்யாணத்துக்குப் பிறகுதான் அவனுக்கும் அங்கே வேலை கிடைத்தது, அதுவும் அவள் கேட்டதற்காக. பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரமும் சர்க்கார் கிராண்டுப் பணமும் வருவதே அவளுடைய சர்ட்டிபிகேட்டைக் காட்டித்தான். கைப்பிடி வைத்த நாற்காலி அவளுக்கு, சாவிக்கொத்து அவள் இடுப்பில். தாணு இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு, நாலு மணி அடித்ததும் நாடகக் கொட்டகைக்கு ஆர்மோனியம் கேட்கப் போய்விடுவான். மானேஜர் கைலாசம் பிள்ளைக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "பொறுப்பில்லாத பயல். அந்தப் பிள்ளை முகத்துக்காக வச்சிருக்கேன்" என்று அவன் காதில் விழும்படியே சொல்லுவார்.

போன ஆவணியில் பையன் பிறந்தான். ஒன்பதாம் மாதம்வரை வயிறு தெரியாமல் சேலையை அகல மடித்துப் போட்டுக்கொண்டு அவள் வகுப்பு நடத்தினாள். தாயில்லாப் பெண் என்பதால் தலைப்பேறு புருஷன் வீட்டிலேயே. குற்றாலத்தில் சீசன் வீடுகளுக்குச் சமைத்துப்போடுகிற மாமியார் வந்து கூட இருந்தாள். பிள்ளை பிறந்த சேதி கேட்டதும் தாணு சிற்றாற்றில் கட்டின வேட்டியோடு ஒரு முங்கு முங்கி எழுந்தான். அவன் தீட்டு அத்தோடு போயிற்று. மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்க நின்றான். குழல்வாய்மொழிக்கு அப்படி முங்கி எழ எந்த ஆற்றிலும் தண்ணீர் இல்லை.

கைலாசம் பிள்ளைக்குப் பெரிய சங்கடம். லீவு என்று எழுதினால் அந்த நாட்களின் கிராண்டைப் பற்றி மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ராஜிநாமா என்றால் பள்ளிக்கூடமே ஆடிப்போகும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வேய் தாணு, பதினாறு நாள்தானே. பேரு பாட்டுக்குக் கிடக்கட்டும். பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிட்டு வாரும்."

மூன்றாம் நாள் தாணு பதிவேட்டோடு வந்தபோது மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "தீட்டுக்காரி ஏட்டைத் தொடுததா? சரஸ்வதியில்லா அது! கண்ணு அவிஞ்சு போகும்" என்று ஒரே பிடி. பொய்க் கையெழுத்தைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை. ஏட்டைத் தீட்டுக்காரி தொடக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஏகமனது. கட்டங்கள் காலியாகவே கிடந்தன.

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, வீடு மெழுகி, குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று சாயங்காலம் பதிவேடு மறுபடி வந்தது. மேலே அனுப்ப வேண்டிய மாதக் கணக்குக்கு நாள் நெருங்கிவிட்டதாம். உடம்பில் ரத்தமில்லாமல், உட்கார்ந்தால் தலை சுற்றுகிற நிலையில், அவள் பதினாறு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். மனசில் பதினாறு நாள் என்கிற கணக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்து வைப்பது எப்போதும் அவள் செய்கிற வேலை. பதிவேட்டு வேலைக்குப் புதியவனான தாணுவுக்கு அது தோன்றவேயில்லை. ஆகையால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவள் பள்ளிக்கூடம் போனதாக ஆகிவிட்டது. இதை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

பதினேழாம் நாள் அவள் புறப்படத் தயாராக நின்றாள். "பச்சைப் பிள்ளையை விட்டுட்டு எங்கன போற? தலை நிக்கட்டும்" என்றார் கைலாசம் பிள்ளை. தலை நின்றது. தவழட்டும் என்றார். தவழ்ந்தான். பல் முளைக்கட்டும் என்றார். முளைத்த பல்லால் அவன் அவளைக் கடித்தும் ஆயிற்று. பால் மறக்கட்டும் என்று இப்போது சொல்லுகிறார். பையனையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், பின்னால் விறகு அறையில் ஒரு தொட்டில் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் ஒருமுறை சொல்லியனுப்பினாள். "பள்ளிக்கூடமா, பிள்ளைபெத்த ஆஸ்பத்திரியா?" என்று பதில் வந்தது.

இடையில் தாணுவுக்கு வந்த வாழ்வைக் கேட்க வேண்டுமே! ஒரு பிள்ளை பிறந்ததும் அவன் ஒரே நாளில் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். "தகப்பனாயிட்டீரு. இனி உம்மை நம்பலாம்" என்று சொல்லி மானேஜர் சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்தார். கைப்பிடி நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "என்ன ஹெட்மாஸ்டர்வாள்" என்றார்கள். பிள்ளை பெற்றவள் வீட்டோடு இருக்க, பிள்ளை பெற்றவன் பதவியேறினான். பேப்பரில் மட்டும் தலைமை ஆசிரியை அவளேதான்.

அவனுக்கும் அது முழுச் சுகமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் மானேஜர் கடிந்துகொண்டால் "கொழும்புக்குக் கப்பலேறிடுவேன்" என்று விறைப்பவன், இப்போது வாயைத் திறப்பதில்லை. மானேஜர் வீட்டு நெல்லுக்குச் சுந்தரபாண்டியபுரம் போகிறான். அவர் சம்பந்திக்குக் கடிதம் எழுதுகிறான். அவர் குற்றாலம் போனால் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போகிறான். ஆர்மோனியச் சத்தம் கேட்கிற தெரு வழியாக அவன் வருவதேயில்லை. குழல்வாய்மொழிக்கு அவனைப் பார்த்தால் கோபமும் வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்து வருவதால் அவளால் ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வருகிற சேதி கேட்ட மறுநாள், குழந்தை தூங்குகிற நேரத்தில், அவள் ஒரு மனு எழுதினாள். தான் வேலைக்குத் திரும்ப விரும்புவதாகவும், குழந்தையைப் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் வைத்துக்கொள்ள உத்தரவு தரவேண்டும் என்றும், மதிய மணிக்கு மட்டும் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவதாகவும் நாலே வரி. மேலதிகாரி ஒரு பெண். ஒரு வார்த்தை சொன்னால் கைலாசம் பிள்ளையால் தட்ட முடியாது. மனுவை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு உலகம்மாள் ஒத்துக்கொண்டாள். அவள் வயல் வேலைக்குப் போகிறவள். அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இருந்தாள்.

"எனக்கு நாலு பிள்ளை, டீச்சரம்மா. நாலையும் வரப்பு மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் நட்டேன், களை பிடுங்கினேன். உங்க பள்ளிக்கூடத்துல மரம் இல்லியா?"

"வேப்பமரம் ஒண்ணு நிக்கி."

"பெறவு என்ன?"

 படித்தவளுக்குக் கிடைக்காத ஒன்று படிக்காதவளுக்குக் கிடைத்திருக்கிறது என்பது குழல்வாய்மொழிக்கு அன்றுதான் உறைத்தது. உலகம்மாளின் மூத்த பிள்ளை அந்த வரப்பு மரத்தடியிலேயே பாம்பு கடித்துச் செத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகையால் பொறாமைப்படவும் வழியில்லை.

பள்ளிக்கூடத்துப் படியில் கால் வைத்ததும் சுண்ணாம்புக்கட்டி வாசனை வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வகுப்புப் பிள்ளைகள் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்றன. ஐந்தாம் வகுப்பில் பழைய முகங்கள். "டீச்சர் வந்துட்டாக" என்று ஒருத்தி கத்த, தாணு அவளை முறைத்தான். தினமும் வருகிற டீச்சரைப் பார்த்து எந்தப் பிள்ளை அப்படிக் கத்தும்?

அன்னபாக்கியம் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, நரைத்த தலையில் இறுக்கமான கொண்டை. "ஒரு பாடம் நடத்துங்க, பார்ப்போம்" என்று கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

குழல்வாய்மொழி சிற்றாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். "குற்றாலத்துல குளிச்சுட்டு வாறோம். அந்தத் தண்ணி பிறகு எங்கன போகும்?" என்று கேட்டாள். பிள்ளைகள் விழித்தன. கரும்பலகையில் ஒரு மலை போட்டு, ஒரு கோடு இழுத்தாள். தென்காசிக்குக் கீழே வரும்போது ஒரு பிள்ளைக்குப் பொறிதட்டி, "எங்க வயலுக்கு வருது டீச்சர்" என்றது. இன்னொன்று "எங்க வீட்டுப் படித்துறைக்கு" என்றது. கை மேல் கை உயர்ந்தது. கோடு தாமிரபரணியில் போய்ச் சேருவதற்குள் வகுப்பே அவள் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல், முழுசாகத் தோன்றியது. அப்படி ஒரு சந்தோஷம் பத்து மாதமாக அவளுக்கு வாய்க்கவில்லை, பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட. அதை நினைத்ததும் குற்றவாளிபோல ஆகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் எவள் குழந்தையோ வீரிட்டு அழுதது. அவளுக்கு மார்பு கடுத்துப் பால் சுரந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்துவதற்குள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துபோயிற்று. உள்ளே இருந்த மனுவும் நனைந்திருக்கும்.

பிறகு பதிவேடு. கைப்பிடி நாற்காலியில் அன்று அவள் உட்கார்ந்திருக்க, தாணு பின்னால் கைகட்டி நின்றான். கைலாசம் பிள்ளை வாசலில் இளநீரோடு காத்திருந்தார். அன்னபாக்கியம் அம்மாள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். போன ஆவணி வந்ததும் அவர் விரல் நின்றது. கட்டங்களின் மேல் விரல் மெல்ல ஓடியது, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. பிறகு நிமிர்ந்து குழல்வாய்மொழியின் முகத்தைப் பார்த்தார். போர்த்திய முந்தானையைப் பார்த்தார்.

கேளுங்கள், என்று குழல்வாய்மொழி மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தை கேளுங்கள், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன்.

அம்மாள் பதிவேட்டை மூடினார். "நல்லது" என்றார். அவ்வளவுதான். பார்வையாளர் புத்தகத்தை வாங்கி மடமடவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதையும் மூடிக் கொடுத்தார்.

மறுநாள் விடியக்காலம் இன்ஸ்பெக்டரம்மாவை அருவிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு குழல்வாய்மொழிக்கு வந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் கைலாசம் பிள்ளை போக முடியாதே. குழந்தையைக் குற்றாலத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு, அவள் அம்மாளுடன் நடந்தாள். சாரல் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. குளித்து முடித்து, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுக்கமாக ஒரு பாறையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"குழந்தைக்கு எத்தனை மாசம், டீச்சர்?"

"பத்து முடிஞ்சுது, அம்மா."

"ஆவணியில பிறந்தது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆவணி மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கீங்களே." அம்மாள் சிரிக்கவில்லை. "பதினாறு கையெழுத்தும் ஒரே மை. ஒரே சாய்வு. பயப்படாதீங்க, நான் பார்க்கலைன்னு வச்சுக்கிட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

"நான் பயப்படலை அம்மா. நீங்க கேப்பியன்னு காத்துக்கிட்டிருந்தேன்." குழல்வாய்மொழி மனுவை எடுத்து நீட்டினாள். பால் காய்ந்து விறைத்துப்போயிருந்தது, மை அங்கங்கே பரவியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, அதே மடிப்பில் மடித்து, அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இதை நான் வாங்கக்கூடாது. வேலைக்குத் திரும்பணும்னு எழுதியிருக்கீங்க. எங்கேயிருந்து திரும்புவீங்க? பதிவேட்டின்படி நீங்க ஒரு நாளும் போகலை. அங்கேயேதானே இருக்கீங்க?"

அருவிச் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது.

"மானேஜர்தான் அம்மா..."

"மானேஜர் கையெழுத்து அதுல எங்கே இருக்கு? உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் அவர் கட்டத்துல மட்டும்தான் இருக்கு. இதை நான் மேலே அனுப்பினா, முதல்ல பிடுங்குறது உங்க சர்ட்டிபிகேட்டை. பொய்க் கையெழுத்துப் போட்டது நீங்கதான். பிறகு எந்த ஊர்லயும் சுண்ணாம்புக்கட்டியைத் தொட முடியாது." ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "நேத்து மாதிரி ஒரு பாடம் நான் கேட்டு வருஷக்கணக்காச்சு. அதான் மூடிட்டேன்" என்றார்.

"நீங்க பிள்ளைகுட்டி...?"

"கல்யாணமே பண்ணலை. பண்ணியிருந்தா இப்படி ஊர் ஊராப் போக எந்த வீட்ல விட்டிருப்பாங்க?" அம்மாள் கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தார். "நீங்க ஒண்ணை விட்டீங்க, நான் ஒண்ணை விட்டேன். எதை விட்டா நல்லதுன்னு என்னைக் கேட்காதீங்க."

அவர் நல்ல மனுஷிதான். அதுதான் குழல்வாய்மொழிக்குப் பொறுக்கவில்லை. கெட்ட மனுஷியாக இருந்து மாட்டிவிட்டிருந்தாலாவது ஒரு கதவு உடைந்திருக்கும். இரக்கப்பட்டு, சத்தமில்லாமல், வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் மாமியார் வீட்டுக்குப் போய், பசித்து அழுத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தானும் அழுதாள்.

அன்று சாயங்காலம் தாணு பதிவேட்டோடு பார்வையாளர் புத்தகத்தையும் கொண்டுவந்தான். முகமெல்லாம் பல். நின்றுகொண்டே உரக்கப் படித்தான்.

"'இப்பாடசாலையின் தலைமை ஆசிரியை பாடம் நடத்தும் திறமை மிக்கவர். கடந்த ஆண்டில் தாய்மை அடைந்த பின்னும் ஒரு நாளேனும் விடுப்பு எடுக்காமல் கடமையாற்றியுள்ளார். மற்ற ஆசிரியைகளுக்கு இது நல்ல உதாரணம்.' பாத்தியா ஏட்டி? மானேஜர் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியலை. இந்த ஏற்பாடு இப்படியே இருக்கட்டும்னுட்டாவ."

"எத்தனை நாளைக்கு?"

அவன் புத்தகத்தை மூடினான். "நானும் என்ன செய்ய? நீ அங்கன வந்தா நான் மறுபடி வாய்ப்பாடுக்குத்தான் போகணும். லோயர் கிரேடை வேற எவன் எடுப்பான்? பிள்ளையை வச்சுக்கிட்டு எங்கன போய் நிக்க?" பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னான். அவள் பேனாவை எடுத்தாள். அருவியில் குளித்த அன்றைக்கும் ஐந்தாம் வகுப்பு நடத்தியாயிற்று.

இரண்டு மாதம் போயிற்று. பையன் பால் மறந்தான். அவன் ஓடியாடத் தொடங்கியிருப்பதால் இனித்தான் ஆள் வேண்டும் என்றார் கைலாசம் பிள்ளை. புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம், தாணு பதிவேட்டை விரித்து வைத்திருந்த சமயம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கிற்று. சேலையை அகல மடித்துப் போட்டிருந்தாள். அந்த மடிப்பு எதற்கென்று குழல்வாய்மொழிக்கு உடனே தெரிந்தது.

"நான் சுந்தரபாண்டியபுரம், அக்கா. பேரு இராமலட்சுமி. அங்கன பிள்ளைவாளோட இன்னொரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன்."

குழல்வாய்மொழி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்ததும் அவள் கண்ணில் நீர் முட்டியது.

"ஏழு மாசம் அக்கா. லீவு கேட்டேன். பிள்ளைவாள் இன்ஸ்பெக்டரம்மா எழுதினதைக் கொண்டுவந்து என் முன்னாலயே வாசிச்சாவ. தென்காசி டீச்சர் ஒரு நாள் லீவு போட்டாளா, அவளும் பொம்பளைதானேன்னு கேக்குதாவ. முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்காவ. நீங்க எப்படி அக்கா சமாளிச்சிய? பச்சை உடம்போட எப்படி அக்கா நின்னு பாடம் நடத்தினிய? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

தாணு எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

குழல்வாய்மொழி அந்தப் பெண்ணின் வீங்கிய பாதத்தைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாததை, மாட்டிவிடக்கூடிய அதிகாரியே கேட்க மறுத்ததை, இவளிடமாவது சொல்லிவிட வேண்டும். தன்னைப் பார்த்து ஒருத்தி ஏமாறக்கூடாது. அவள் பதிவேட்டை இழுத்துப் போன வருஷத்து ஆவணிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"நான் போகலை, தங்கச்சி."

"என்னக்கா?"

"ஒரு நாளும் போகலை. இந்தா பாரு. பதினாறும் தீட்டுக் கழிச்ச அன்னைக்குச் சாயங்காலம் இங்கன உக்காந்து போட்டது. இந்த ரெண்டும் ஞாயித்துக்கிழமை. அதுக்கப்புறம், இன்ஸ்பெக்டரம்மா வந்த ஒரு நாளைத் தவிர, இன்னைக்குவரை இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கேன். அந்தம்மா எழுதினது அத்தனையும் பொய்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இராமலட்சுமி பக்கத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல வெளிறு நீங்கித் தெளிந்தது.

"அம்மாடி! இவ்வளவுதானா அக்கா? நான் என்னமோ ஏதோன்னு உயிரை விட்டுட்டேன். அப்ப நானும் இப்படிப் போட்டுட்டாப் போதும்லா?"

"ஐயோ, அதுக்காகச் சொல்லலை. வேண்டாம் இராமலட்சுமி. ஒருதரம் போட்டுட்டா அப்புறம் திரும்பிப் போக முடியாது."

"ஏன் முடியாது? அதான் பேரு அங்கன இருக்கே!"

போன வருஷம் ஆவணியில் இதே வார்த்தையை, இதே குரலில், தான் தாணுவிடம் சொன்னது குழல்வாய்மொழிக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு எப்படி விளங்கவைப்பது என்று வார்த்தை தேடினாள்.  உள்ளே பையன் எதையோ தள்ளி உடைத்துவிட்டு அழத் தொடங்கினான்.

தாணு சன்னலை விட்டு வந்து மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "இன்னைக்குள்ளதைப் போட்டுட்டுப் போய்ப் பையனைத் தூக்கு" என்றான்.

அவள் பேனாவைத் தொட்டெடுத்து அன்றைய கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். இராமலட்சுமி பக்கத்தில் குனிந்து, அதை எப்படிப் போடுகிறாள் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.